துலக்காதீர்கள், துவைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்: தாத்தாவின் பெட்டியில் இருக்கும் படைச் சின்னங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினம் நெருங்கினாலே 'நேதாஜி படையின் அசல் பேட்ஜ்' என்ற தலைப்போடு கைபேசிகளில் விற்பனைப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. அதே சமயம் வடாற்காட்டுக் கிராமங்களில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், பாட்டனார் காலத்து டிரங்குப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள். போலியைக் காசு கொடுத்து வாங்கி, அசலை எடைக்குப் போடுகிற இந்த நிலைமை மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். போர்க்காலச் சீருடைச் சின்னங்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்தும் ஒப்பிட்டும் வருகிறவர்கள் என்ற முறையில், தங்கள் வாசகர்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்கிறோம்.

நம் ஊரில் எந்தச் சின்னம் கிடைக்க வாய்ப்புண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லாங்கு பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் விட்டதாகவும் சொல்கிறது. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் இந்தியாவில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். ஆகவே இங்கே வீடுகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் டிவிஷன் எனப்படும் பெரும் படைப்பிரிவுகளின் சின்னங்களாகத்தான் இருக்கும். தோளுக்குக் கீழே சட்டைக் கையில் தைக்கும் சிறு துணித் துண்டு அது. எண்ணோ பெயரோ அதில் இருக்காது, படம் மட்டும்தான். எதிரிக்குப் பிரிவு தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி.

அந்தப் படத்தை வைத்தே உங்கள் தாத்தா எங்கே சண்டை போட்டார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிவப்புக் கழுகு என்றால் 4-வது டிவிஷன்: வட ஆப்பிரிக்கா, பிறகு இத்தாலியில் மான்டே காசினோ மலைப் போர். கறுப்புத் துணியில் வெறும் சிவப்பு வட்டம் 5-வது. கறுப்புப் பூனை 17-வது, குத்துவாள் பிடித்த கை 19-வது, சண்டைச் சேவல் 23-வது, சீட்டுக்கட்டு ஸ்பேட் 25-வது, முக்கோணத்துக்குள்ளிருந்து அடியெடுத்து வைக்கும் புலி 26-வது. இந்த ஐந்தும் பர்மாப் போர்முனை. எண் உள்ள விதிவிலக்கு ஒன்று உண்டு: கேடய வடிவில், கீழ்நோக்கிய வாளுடன் ரோமன் எழுத்தில் 14 என்று இருந்தால் அது டிவிஷன்களுக்கு மேலான படை, ஜெனரல் ஸ்லிம் தலைமையில் பர்மாவை மீட்ட 14-வது ராணுவம். ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் கம்பெனிகள் பல டிவிஷன்களில் பிரிந்து வேலை செய்தன; அதன் வீரர்களைத் 'தம்பி' என்பார்கள். அதனால் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு 'தம்பி'களிடம் இரண்டு வேறு சின்னங்கள் இருந்தால் குழம்ப வேண்டியதில்லை.

அடுத்தது மலாயா வழி வந்தவை. ரப்பர்த் தோட்டங்களிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் 1943-க்குப் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் ஏராளமாகச் சேர்ந்தார்கள், கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் பெண்களும். இவர்களில் ஊர் திரும்பியவர்களின் வீடுகளில் ஏதாவது இருக்கலாம். ஆனால் மிகக் குறைவாகவே இருக்கும். சரணடைந்தவர்களை ஆங்கிலேயர்கள் விசாரித்து, தங்களுக்கு எதிராக எவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதைப் பொறுத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். அந்தச் சமயத்தில் படைச் சின்னத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்வது சுலபமான காரியமா? ஆகவே ஒரே வியாபாரியிடம் ஒரே மாதிரி பத்துப் பேட்ஜ்கள் இருந்தால், விலை கேட்பதற்கு முன்பே நகர்ந்துவிடலாம்.

இப்போது அதிகம் ஏமாற்று நடக்கும் இடத்துக்கு வருவோம். மேலிருந்து கீழாகக் காவி, வெள்ளை, பச்சை, குறுக்கே பாயும் புலி, மேலே ஜெர்மன் மொழியில் 'ஃப்ரையெஸ் இண்டியன்', அதாவது சுதந்திர இந்தியா. இந்தக் கேடயச் சின்னம்தான் 'மலாயாவிலிருந்து தாத்தா கொண்டு வந்தது' என்று விற்கப்படுகிறது. அதற்கும் மலாயாவுக்கும் சம்பந்தமே இல்லை. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடமும் இத்தாலியரிடமும் கைதிகளான இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு ஜெர்மனியில் உருவான படை அது, ஜெர்மன் ராணுவத்தின் 950-வது காலாட்படை ரெஜிமென்ட். மொத்தமே சுமார் 3,000 பேர். 1943-இல் ஹாலந்துக்குப் போய், பிறகு பிரான்சில் போர்தோ அருகே லக்கனோ கடற்கரையில் நின்றது. சீருடை ஜெர்மன் சீருடை, சின்னம் வலது மேல்கையில். 1944-இல் அதை இட்லர் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். நிர்வாகத்துக்கு மாற்றியபோது புலித்தலை போட்ட காலர் பட்டை ஒன்றும் தயாரானது, ஆனால் அதை யாரும் அணிந்ததாகத் தெரியவில்லை. அப்படியிருக்க 'போரில் அணிந்தது' என்று சொல்லி அந்தக் காலர் பட்டையை விற்கிறவரை எப்படி நம்புவது?

ஜெர்மனி இப்படி ஏறக்குறைய எல்லா அயல்நாட்டுத் தொண்டர் படைகளுக்கும் நாட்டின் பெயரும் நிறமும் கொண்ட கைச் சின்னம் கொடுத்தது. 1941-இல் ருஷ்யப் போர்முனைக்குப் போன ஸ்பெயினின் நீலப் படைக்கு 'எஸ்பான்யா', பிரெஞ்சுத் தொண்டர்களுக்கு 'ஃபிரான்ஸ்', குரோஷியர்களுக்கு 'ஹர்வாட்ஸ்கா'. அரபு, ஜார்ஜிய, ஆர்மீனிய, துருக்கிஸ்தான், கொசாக் படைகளுக்கும் தனித்தனியே உண்டு. எதிர்த் தரப்பிலும் சேகரிப்பாளர்கள் தேடுபவை பல: அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்த அமெரிக்கர்களின் 71, 121, 133 ஸ்குவாட்ரன்களின் கழுகுச் சின்னம், பாலஸ்தீன யூதப் படைப்பிரிவின் நீலம்-வெள்ளை-நீலப் பட்டை, சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தொண்டர்களான 'பறக்கும் புலிகள்'. இந்தப் பறக்கும் புலிகளில் விமானிகள் சுமார் 100 பேர்தான், படையும் 1942 ஜூலையில் கலைக்கப்பட்டது. விமானம் விழுந்தால் உள்ளூர் மக்கள் காப்பாற்ற வேண்டும் என்று சீன எழுத்தில் வேண்டி, சட்டையின் முதுகில் தைத்த பட்டுத்துணிகளோ இன்று சந்தையில் அந்த விமானிகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் உலவுகின்றன.

இட்லரின் ராணுவச் சின்னங்களைச் சேகரிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சேகரிக்கலாம், ஆனால் அது எந்தப் படை, யாருக்காக நின்றது என்று பக்கத்தில் எழுதி வைக்காமல் அலங்காரப் பொருளாகத் தொங்கவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சரி, அசலை எப்படிப் பார்ப்பது? துணிச் சின்னமானால் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார். ஜெர்மன் கைச் சின்னங்களில் நல்லவை தறியில் நெய்தவை. வுப்பர்டால் நகரத்து நாடா ஆலையின் பெயரால் சேகரிப்பாளர்கள் அதைப் 'பெவோ' நெசவு என்பார்கள். ரயான் நூல், மிக மெல்லிய நெசவு. புலியின் கோடுகளும் எழுத்தும் துணியோடு துணியாகவே நெய்யப்பட்டிருக்கும். பின்பக்கம் அதே படம் தலைகீழ் நிறங்களோடு, குறுக்கே ஓடும் நீள நூல்களாகத் தெரியும். விரலால் தடவினால் முன்பக்கம் ஏறக்குறைய சமமாக இருக்கும். இன்றைய போலி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. புலி மேடாகத் துருத்தி நிற்கும், பின்னால் படம் தெரியாமல் வெள்ளை நூல் கட்டுகள் திட்டுத்திட்டாக இருக்கும். சிலவற்றில் அயர்ன் பாக்ஸால் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்கூட இருக்கும். ஓரத்தில் கயிறு போலத் தடித்த ஓவர்லாக் இருந்தால் பேச்சே வேண்டாம். அந்த ஓரம் 1960-களுக்குப் பிறகே பரவலானது.

அடுத்து கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச். 365 நானோமீட்டர் என்று குறித்ததாக வாங்குங்கள், 395 என்று எழுதியது வேலைக்கு ஆகாது. இருட்டறையில் அடித்தால் போலியின் வெள்ளை நூல் நீலம் கலந்து பளீரென்று ஒளிரும். துணியை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் போருக்குப் பிறகுதான் எங்கும் பரவியது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அசல் சின்னத்தைப் பிற்காலத்தில் யாராவது சோப்புத் தூளில் ஊற வைத்திருந்தால் அதுவும் ஒளிரும். அப்போது ஒளி துணி முழுவதும் மங்கலாகப் பரவியிருக்கும், போலியில் வெள்ளை நூல் மட்டும் தனித்துத் தெரியும். எனவே டார்ச்சை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பிய்ந்து தொங்கும் நூல் இருந்தால் மட்டும், அரை சென்டிமீட்டர் நறுக்கி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். பருத்தியும் ரயானும் காகிதம் எரிவது போல எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடை தரும். உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். அது போர்க்காலத்தில் சந்தைக்கே வராத நூல். நல்ல நிலையில் உள்ள சின்னத்திலிருந்து இதற்காக நூல் உருவக் கூடாது.

பழசாகக் காட்டுவதற்குத் தேயிலைத் தண்ணீரில் முக்குவது வியாபாரிகளின் பழைய தந்திரம். தேயிலைக் கறை மடிப்புக்குள்ளும் பின்பக்கமும் ஒரே சீராக இறங்கியிருக்கும். உண்மையில் அணிந்த சின்னத்தில் வெயில் பட்ட முன்பக்கம் வெளுத்து, உள்ளே மடித்த ஓரம் மட்டும் பழைய நிறத்தோடு இருக்கும். தையல் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும், துளையில் காக்கி நூலின் துணுக்கு ஒட்டியிருக்கும். அந்தத் துணுக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று பிடுங்கிவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

உலோகத்துக்கு வெர்னியர் காலிப்பர் போதும். அசலை அச்சாக வைத்து மணல் வார்ப்பில் நகல் எடுத்தால், பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். அசல் 40 மில்லிமீட்டர் என்றால் நகல் 39.3 அளவில் நிற்கும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரங்களில் மழுக்கம், பக்கவாட்டில் அரம் போட்ட தடம் இவையும் வார்ப்பின் அடையாளங்கள். டை எனப்படும் உருக்கு அச்சில் அடித்த பேட்ஜில் எழுத்து கூர்மையாக இருக்கும், முன்னால் மேடாக உள்ள இடம் பின்னால் பள்ளமாகத் தெரியும். நேதாஜி 1942-இல் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களில் மட்டும் இந்தச் சோதனையும் உதவாது. வியன்னாவின் ரூடால்ஃப் சூவால் என்ற நிறுவனம் அவற்றைச் செய்தது, போருக்குப் பின்பும் செய்தது. இரண்டும் டையில் அடித்தவைதான். உலோகக் கலவை, ஊக்கின் அமைப்பு, அதைவிட முக்கியமாக யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற தாள், இவை இல்லாமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் இந்தக் கறார் கணக்கை நம் சொந்த நாட்டுச் சின்னங்கள் மீது அப்படியே காட்டினால் அசலையே போலி என்று தள்ளிவிடுவோம். பிரிட்டிஷ் இந்திய டிவிஷன் சின்னங்களில் ஏராளமானவை பஜார் தையற்காரர்கள் கையால் செய்தவை. ஒரு பூனை குண்டாக, இன்னொன்று ஒல்லியாக இருக்கும். ஒன்று ஃபெல்ட் எனப்படும் அமுக்கிய கம்பளித் துணியில் ஒட்டுவேலை, ஒன்று சங்கிலித் தையல், மற்றொன்று பருத்தியில் அச்சடித்தது. பித்தளைத் தட்டுப்பாட்டால் பிளாஸ்டிக்கில்கூட பிரிட்டிஷ் தொப்பி பேட்ஜ்கள் வந்தன. பர்மா, சீனப் போர்முனைக்கு வந்த அமெரிக்கர்களின் தோல் சின்னங்களில் பல, கல்கத்தாவில் செய்து கையால் வண்ணம் பூசியவை. தோல் விஷயத்தில் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாரிடம் காட்டினாலும், வெட்டு விளிம்பைப் பார்த்தே மரப்பட்டையில் பதனிட்டதா குரோமில் பதனிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். குரோம் தோலின் நடுப்பகுதி நீலச் சாம்பலாக இருக்கும். இரண்டு வகையும் அப்போது புழக்கத்தில் இருந்ததால் இது முடிவான சோதனை ஆகாது, மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்க உதவும்.

இனி வீட்டில் இருப்பதைக் காப்பாற்றும் வழி. பித்தளைப் பேட்ஜுக்குப் புளி, எலுமிச்சை, சாம்பல், பீதாம்பரி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் எழுத்து தேய்கிறது, கில்ட் எனப்படும் தங்க முலாம் போகிறது, இடுக்கில் தங்கும் அமிலம் பின்னால் பச்சைக் களிம்பாகிறது. பழுப்பேறிய நிறம் அழுக்கில்லை, உலோகத்தைக் காக்கும் மேல்தோல். தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் மட்டும் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்து, ஈரமில்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள்.

துணியை நனைக்கவே கூடாது. ரயான் ஈரமானால் பலத்தில் பாதி போய்விடும், சிவப்புச் சாயம் வெள்ளைக்குள் இறங்கிவிடும். அந்துப்பூச்சியோ இராமபாணமோ இருந்தால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். 24 மணி நேரம் அப்படியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த துணிமேல் நீர் படிந்து பூஞ்சை பிடிக்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. அந்துருண்டையை டப்பாவுக்குள் போடாதீர்கள், பழைய பிளாஸ்டிக் பேட்ஜ் இளகிவிடும்.

வேலூர் கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணும் கான்கிரீட் வீட்டு லாஃப்டும் துணிக்கு எமன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச் சுவரையொட்டிய பீரோவும் அப்படித்தான். உள்ளறையில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், துவைத்துக் காய வைத்த காடாத் துணியில் சுற்றித் தட்டையாக வையுங்கள், மடிக்காதீர்கள். கடையில் தரும் மெத்தென்ற பி.வி.சி. உறை காலப்போக்கில் அமில ஆவி விடும். பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். பிரேம் போடுகிறவர் பெவிகாலோ இரட்டைப் பக்க டேப்போ எடுத்தால் தடுத்துவிட்டு, பருத்தி நூலால் அட்டையில் கட்டச் சொல்லுங்கள். குண்டூசி துருப்பிடித்து ஓட்டை போடும்.

எல்லாவற்றையும்விட மோசமான அழிவு ஜெராக்ஸ் கடையில் நடக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்டையும் சம்பளப் புத்தகத்தின் தாள்களையும் லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரிக்க முடியாது. உள்ளிருக்கும் தாள் பழுத்துப் பொடியாவதும் நிற்காது. துணி பேட்ஜையே லேமினேட் செய்தவர்களும் உண்டு.

அந்தத் தாள்களுக்காக ஏன் இவ்வளவு மன்றாடுகிறோம் என்றால், தனியாகக் கிடக்கும் கறுப்புப் பூனைச் சின்னம் ஆயிரத்தில் ஒன்று. அதே சின்னம், சிப்பாயின் பெயரும் படை எண்ணும் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும், அதை அணிந்து எடுத்த ஒரு புகைப்படத்தோடும் இருந்தால் அது வேலூர் மாவட்ட வரலாற்றின் ஆவணம். வியாபாரி பேட்ஜை மட்டும் கேட்பார், 'பேப்பர் எதுக்கு, குப்பை' என்பார். அங்கேதான் எல்லாம் போகிறது. விற்றே ஆக வேண்டிய நிலை இருந்தாலும் சேர்த்தே விற்றுவிடுங்கள், பிரிக்காதீர்கள்.

பதிவு செய்வது கடினமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று மூன்று படம் எடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து நாலாவது படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். ஒரு நோட்டில் எண், நீள அகலம், என்ன பொருள், எப்படி மாட்டியது, யாருடையது, படை எண், யார் வழியாக வந்தது என்று எழுதுங்கள். அந்த எண்ணை ஒரு அட்டைத் துண்டில் 2பி பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள், சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். படை எண் கிடைத்தால் மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரிலும் மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனிலும் உள்ள மையங்களின் வழியே ஆவணம் கேட்டு எழுதலாம். இந்திய தேசிய ராணுவத்துக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். போரில் இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். பர்மாவில் உடல் கிடைக்காமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் தவுக்கியான் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதியிருப்பார்கள், ஆகவே முனுசாமி என்றால் மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் உலகப் போர்ச் சின்னங்கள் நூறாண்டைத் தாண்டிவிட்டன. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று பார்சல் போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். இன்றைய ராணுவச் சின்னங்களை அணிந்து ராணுவத்தாரைப் போலக் காட்டிக்கொள்வதும் குற்றம்.

1806 ஜூலை 10-இல் நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களில், புதிய தலைப்பாகையும் அதில் செருகச் சொன்ன தோல் சின்னமும் உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சீருடைச் சின்னத்துக்கு இவ்வளவு பெரிய வரலாறு உள்ள ஊரில், கோட்டை அரசு அருங்காட்சியகமும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிவு முகாம் நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். பொருளை யாரும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பெட்டியோடு வரட்டும், படம் எடுத்து, விவரம் எழுதி, கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு ஸ்கேனர், ஒரு கேமரா ஸ்டாண்ட், ஒரு காலிப்பர், ஒரு புற ஊதா டார்ச், எழுத இரண்டு பேர் போதும். கம்மவான்பேட்டையில் முதல் முகாமை வைத்தால் கூட்டத்துக்குக் குறை இருக்காது. அடையாளம் கண்டு சொல்லும் வேலையை நாங்கள் ஊதியமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறோம். முகாம் மழைக்காலத்துக்கு முன், புரட்டாசிக்குள் நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
போர்க்காலச் சின்னங்களைச் சேகரிக்கும் நண்பர்கள்,
வேலூர்.